பைபாஸுக்கு நெஞ்சுக்குள் இருக்கும் குழாயை எடுத்தால், அந்த இடத்துக்கு ரத்தம் எப்படிப் போகும்?

குமரன்_தஞ்சை

அப்பாவுக்கு 64 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு, ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் காலிலிருந்துதான் நரம்பு எடுத்தார்கள். இங்கே டாக்டர் "காலிலிருந்து ரெண்டு, நெஞ்சுக்குள்ளிருந்து லீமா ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். நெஞ்சிலிருந்து எடுத்தால் அந்த இடம் என்ன ஆகும்? சித்தப்பா வேறு, "நல்லா இருக்குற குழாயில எதுக்குக் கை வைக்கணும், மூணையும் கால்லேருந்தே எடுக்கச் சொல்லு" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஓ.டி_டெக்னீஷியன்

தயவுசெய்து அப்படிப் போய்க் கேட்காதீர்கள். அந்த மூன்றில் அதிக நாள் உழைக்கப்போவது நெஞ்சுக் குழாய்தான், டாக்டர் லீமா என்று சொன்னது அதைத்தான்.

முதல் விஷயம், அதை வெளியே எடுப்பதே இல்லை. இடது கைக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கழுத்துக்குக் கீழே பிரிந்து, நடு நெஞ்செலும்பின் ஓரமாக உள்பக்கம் இறங்கி வருகிற குழாய் அது. மேல்முனையை அப்படியே விட்டுவிட்டு, நெஞ்சுச் சுவரிலிருந்து பக்குவமாகப் பிரித்து, கீழ்முனையை மட்டும் வெட்டி, இதயத்தின் முன்பக்கம் ஓடும் எல்.ஏ.டி. குழாயில் அடைப்பைத் தாண்டித் தைப்பார்கள். வாய்க்காலை வேறு வயலுக்குத் திருப்பிவிடுகிற மாதிரிதான். கால் நரம்புக்கு (நரம்பு என்று சொன்னாலும் அது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைதான்) இரண்டு முனையிலும் தையல் வேண்டும், இதற்கு ஒன்று போதும்.

நெஞ்சுச் சுவருக்கு முதுகுப் பக்கமிருந்து விலா எலும்புகளுக்கு நடுவே வரும் குழாய்கள் இருக்கின்றன, வயிற்றுப் பக்கமிருந்து மேலேறி வருவதும் உண்டு. அதனால் இடம் காய்ந்துபோகாது. நெஞ்செலும்பின் இடது பாதிக்குத்தான் கொஞ்ச நாள் ரத்தம் குறையும்.

கால் நரம்பு குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது, தமனியின் வேலையைக் கொடுத்தால் உள்சுவர் தடித்து மெல்ல மெல்லக் கொழுப்பு படியும், 10 வருடத்தில் பாதிக்கு அருகில் அடைத்துப்போகும். நெஞ்சுக் குழாயை எல்.ஏ.டி.யில் தைத்தால் அதே 10 வருடத்தில் 90 சதவீதத்துக்கு மேல் திறந்தே இருக்கிறது. அதன் உள்சுவரில் மீள்தன்மையுள்ள ஒரு படலம் ஓட்டை அதிகமில்லாமல் நெருக்கமாக இருக்கிறது, குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடும் அங்கே நிறையச் சுரக்கிறது.

பழைய_பேப்பர்

சித்தப்பாவைக் குறை சொல்லாதீர்கள், அதே தயக்கம் சர்ஜன்களுக்கே ரொம்ப வருடம் இருந்தது.

இந்தக் குழாயின் கதை விசித்திரமானது. 1950களில் மரப்பு ஊசி போட்டு இரண்டு பக்க நெஞ்சுக் குழாயையும் கட்டிவிடுவார்கள், தடைபட்ட ரத்தம் இதயத்துப் பக்கம் திரும்பிவிடும் என்று நம்பிக்கை. வலி போய்விட்டது என்று நோயாளிகளும் சொன்னார்கள்! 1959இல் சியாட்டிலில் லியோனார்ட் காப் குழுவினர் 17 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்குக் குழாயைக் கட்டி, மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி 'குணம்'. அந்த ஆபரேஷனின் மவுசு அதோடு போனது.

மான்ட்ரியலில் வைன்பெர்க் என்ற சர்ஜன் 1950இலேயே குழாயின் முனையை இதயத் தசைக்குள் துளைபோட்டுச் செருகினார், தைக்கவில்லை. குழாயோடு குழாயைத் தைத்தது லெனின்கிராடில் கோலெசோவ், 1964இல், அதுவும் துடிக்கிற இதயத்தில். நியூயார்க்கில் ஜார்ஜ் கிரீன் 1968இல் மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்தார். ஆனால் அதற்குள் கிளீவ்லேண்டில் சர்ஜன் ஃபாவலோரோ செய்த கால் நரம்பு பைபாஸ் பிரபலமாகிவிட்டது, எடுப்பதும் தைப்பதும் சுலபம் அல்லவா. கடைசியில் 1986இல் அதே கிளீவ்லேண்டிலிருந்து ஃப்ளாய்ட் லூப் குழுவினர் வெளியிட்ட கணக்குதான் பலரையும் நெஞ்சுக் குழாய்க்குத் திருப்பியது. நெஞ்சுக் குழாயும் வைத்தவர்களோடு ஒப்பிட்டால், கால் நரம்பு மட்டும் வைத்தவர்களுக்கு 10 வருடத்தில் இறப்பு அபாயம் 1.6 மடங்கு.

குமரன்_தஞ்சை

நன்றி. அவ்வளவு நல்லது என்றால் வலது பக்கமும் ஒன்று இருக்குமே, இரண்டையும் போட்டுவிடலாமே?

செல்வி_அக்கா

தம்பி, சர்க்கரை இருக்கிறவருக்கு அங்கேதான் யோசிப்பார்கள். ஆர்ட் என்று ஒரு பெரிய ஆய்வு, 3102 பேர், 10 வருட முடிவு 2019இல் வந்தது. ஒன்று போட்டவர்களுக்கும் இரண்டு போட்டவர்களுக்கும் இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, நெஞ்செலும்புப் புண் தொந்தரவுதான் இரண்டு போட்டவர்களிடம் அதிகம். இரண்டு பக்கமும் பிரித்தால் எலும்புக்கு ரத்தம் இன்னும் குறையும், சர்க்கரையும் சேர்ந்தால் புண் ஆறுவது கஷ்டம். இளம் வயது, சர்க்கரை இல்லை என்றால் வேறு பேச்சு. இப்போதைக்கு சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்த வைப்பதும்தான் உங்கள் வேலை.

இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார்களா என்று கேளுங்கள். இடது கையில் ரொம்பக் குறைவாக இருந்தால் தாய்க்குழாயிலேயே அடைப்பு இருக்கலாம், அப்புறம் அதிலிருந்து வரும் குழாய்க்கு ரத்தம் எங்கே கிடைக்கும்?

எங்கள் அம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இடது மார்பில் மரத்துப்போன மாதிரியும் எரிச்சலும் இருந்தது, மறுபடி ஹார்ட்தான் என்று வீடே பதறிவிட்டது. குழாயைப் பிரிக்கும்போது பக்கத்திலுள்ள உணர்ச்சி நரம்புகள் அடிபடுவதால் வருவதாம், சில மாதத்தில் குறைந்தது. ஆனாலும் புதிதாக நெஞ்சுவலி வந்தால் இதுதான் என்று நீங்களே முடிவுகட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் கிட்னி எப்படி? பின்னாளில் டயாலிசிஸ் வரைக்கும் போனால், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) போடும் முன்னால் இடது பக்க லீமா இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். இடது கையில் போட்டால் இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தத்தை அது இழுத்துக்கொள்ளக்கூடும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள், எந்தக் குழாயை எங்கே தைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.