ஜெனரேட்டர் மாறும்போது இரண்டு ஸ்காடா சர்வரும் மாஸ்டர் ஆகிவிடுகின்றன: உதவி தேவை

கரும்பாலை_டர்பன்:
வணக்கம். சர்க்கரை ஆலை, கொதிகலன், ஆவியாக்கி எல்லாம் ஒரே ஸ்காடாவில் (ஆலையைக் கணினியிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு). ஏ, பி என இரண்டு சர்வர்; ஒன்று மாஸ்டராகக் கட்டளையிடும், மற்றது காத்திருக்கும். ஏ-யைக் கையால் அணைத்தால் பி ஒழுங்காகப் பொறுப்பேற்கிறது. லோட் ஷெட்டிங்கில் மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும்போது மட்டும் இரண்டுமே மாஸ்டர். ஆவியாக்கி மட்டத்தின் செட்பாயிண்ட் (நாம் வைக்கும் இலக்கு அளவு) 55, 60 என்று மாறி மாறித் துள்ளுகிறது. சர்வர் இரண்டும் யுபிஎஸ்ஸில்தான் இருக்கின்றன.

நேட்டால்_பிஎல்சி:
சர்வர் சரி, அவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் எதில் இருக்கிறது? ஹார்ட்பீட் (சர்வர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் 'உயிரோடு இருக்கிறேன்' செய்தி) அந்த ஸ்விட்ச் வழியாகத்தானே போகிறது?

கரும்பாலை_டர்பன்:
ஆமாம் அண்ணா, ஒரே ஸ்விட்ச். போய்ப் பார்த்தேன், சுவர் பிளக்கில் செருகியிருக்கிறது.

நேட்டால்_பிஎல்சி:
அதுதான் கோளாறு. ஸ்விட்ச் அணைந்ததும் ஏ செத்துவிட்டது என்று பி நினைக்கிறது. ஏ-யோ உயிரோடுதான் இருக்கிறது. ஸ்விட்ச் எழுந்ததும் இரண்டும் எழுத ஆரம்பிக்கும். ஸ்விட்சில் சர்வர் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக (உடனே திறக்கும் போர்ட்) வைக்கவில்லையென்றால், நெட்வொர்க்கில் வளையம் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்பானிங் ட்ரீ இன்னும் 30 வினாடி தின்னும்.

இரண்டாவது நெட்வொர்க் கார்டுகளை நேரடிக் கேபிளால் இணைத்துத் தனி ஐபி கொடுங்கள், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வழி) வேண்டாம். ஹார்ட்பீட் இரண்டு வழியிலும் நின்று, பிஎல்சி-யும் (இயந்திரங்களை நேரடியாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) கைக்கு எட்டினால்தான் பி மாஸ்டராகலாம். அதுவும் போதாது. பிஎல்சி-யில் ஒரு 'உரிமையாளர்' ரிஜிஸ்டர் (எண் ஒன்றைச் சேமிக்கும் நினைவிடம்) வையுங்கள்: மாஸ்டர் வினாடிக்கொரு முறை தன் எண்ணைப் புதுப்பிக்கட்டும், 5 வினாடி நின்றால்தான் மற்றது பிடிக்கலாம். உரிமையாளர் அல்லாதவரின் செட்பாயிண்டை பிஎல்சி-யே தள்ளிவிட வேண்டும். நடுவர் பிஎல்சி-யாக இருப்பதே எனக்குப் பிடித்தது. மூன்றாவது கணினி வைத்தால் அதற்கும் ஒரு பிளக் தேட வேண்டும்!

வெர்டே_ஆட்டோமேஷன்:
ஸ்விட்சுக்கு இரண்டு 24 வோல்ட் உள்ளீடு, சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை. ஒன்று இந்த யுபிஎஸ், மற்றது அந்த யுபிஎஸ். மின்வெட்டு அடுக்கடுக்காக வந்தால் ஈய பேட்டரி முழுதாக ஏறாமலே தேயும், சுமையோடு சோதியுங்கள்.

தரவைப் பரிமாற பழைய ஓபிசி டிஏ முறை இருந்தால் கவனம்: கேபிள் அறுந்தாலும், அதன் அடியில் ஓடும் விண்டோஸ் தொடர்பு முறையான டிகாம் அதை உணர 6 நிமிடம் வரை ஆகும். புதிய ஓபிசி யுஏ என்றால் ஒவ்வொரு சர்வரும் தன் நிலையை சர்வீஸ் லெவல் என்ற எண்ணாக 0 முதல் 255 வரை சொல்லும், தரவு கேட்கும் கிளையண்ட் உயர்ந்ததைப் பிடிக்கும். இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒரே என்டிபி-யிலிருந்து (நெட்வொர்க் வழியே நேரம் தரும் சேவை) வரட்டும், இல்லையென்றால் ஒரு சர்வரில் விட்டுப்போன வரலாற்றுத் தரவை மற்றதிலிருந்து நிரப்பும்போது நேரம் குழம்பும்.

கரும்பாலை_டர்பன்:
நேரடிக் கேபிள் போட்டாயிற்று. இனி எப்படிச் சோதிப்பது?

நேட்டால்_பிஎல்சி:
சர்வரை ஷட்டவுன் செய்து பார்ப்பது சோதனையே அல்ல. அரவை நிற்கும் நாளில் ஸ்விட்சின் பவரைப் பிடுங்குங்கள், அடுத்து ஹார்ட்பீட் கேபிளை, பிறகு இரண்டையும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் ரிஜிஸ்டரில் எந்த எண் நிற்கிறது என்று குறித்துப் போடுங்கள்.