இரவு மழையில் சாலைக் கோடுகள் மறையும்போது எப்படி ஓட்டுவது?

கேள்வி: இரவுப்பயணி

வணக்கம். பணியின் பொருட்டு இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது. வறண்ட சாலையில் எனக்குச் சிரமம் ஏதும் இல்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டால், அதுவரை தெளிவாகத் தெரிந்த வெள்ளைக் கோடுகள் மறைந்துவிடுகின்றன. எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் ஈரச் சாலையில் பட்டுக் கண்ணில் அடிக்கும்போது ஓரிரு நொடிகள் எதுவுமே புலப்படுவதில்லை. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரவில் ஓட்டுவதற்கென்றே விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியை வாங்குவதா, முகப்பு விளக்குக்கு அதிகத் திறனுள்ள பல்பு போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பலத்த மழையில் பலர் ஹசார்டு விளக்கை (எல்லா இண்டிகேட்டர்களும் ஒன்றாக மின்னும் எச்சரிக்கை விளக்கு) மின்னவிட்டபடியே ஓட்டுவதையும் பார்க்கிறேன். அது சரியான பழக்கம்தானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: நெடுவழி

ஐயா, கோடுகள் மறைவதற்குக் காரணம் உங்கள் கண் அன்று. சாலைக் கோட்டின் வண்ணப்பூச்சில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். அவைதாம் முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசையிலேயே ஓட்டுநருக்குத் திருப்பி அனுப்புகின்றன. மழைநீர் அம்மணிகளை மூடிவிட்டால் திரும்பிவரும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். அதே நீர்ப்படலம் சாலையின் சொரசொரப்பையும் மூடிவிடுவதால், நம் விளக்கின் ஒளி நம்மிடம் திரும்பாமல் முன்னோக்கித் தெறித்துப் போகிறது, எதிரே வருபவரின் ஒளியோ அவ்வாறே தெறித்து நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. சாலை இருட்டாகத் தோன்றுவதும் கண் கூசுவதும் இந்த ஒரே நீர்ப்படலத்தின் வேலை. இந்த நிலையில் பல்பின் திறனைக் கூட்டினால், கூடுதல் ஒளியின் பெரும்பகுதி எதிரே வருபவரின் கண்ணுக்குத்தான் போய்ச் சேரும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது வேகத்தைத்தான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் நகர்கிறது. தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போய்விடும். அதன்பின் நல்ல டயர் உள்ள வண்டி வறண்ட சாலையில் நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் தேவை. ஈரச் சாலையில் அது 55 மீட்டர் அளவுக்கு நீளும். ஆக, மழையில் மொத்தம் 90 மீட்டரை நெருங்குகிறது. டிம் வெளிச்சத்தில் கருத்த உடை அணிந்து நடந்து போகும் ஒருவரை 50 மீட்டருக்கு முன்பே கண்டுகொள்வது அரிது. அப்படியானால், அவரைக் கண்ட பிறகு எவ்வளவு விரைவாகப் பிரேக்கை மிதித்தாலும் வண்டி அவரை எட்டும் முன் நிற்காது. அதே ஈரச் சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் மொத்தம் ஏறத்தாழ 42 மீட்டரில் நின்றுவிடலாம். கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியாத எந்த வேகமும், பலகையில் எழுதியுள்ள வரம்புக்குள் இருந்தாலும், அந்த இரவுக்கு மிகையான வேகமே.

முன்னே செல்லும் லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது மனத்துக்குத் துணிவு தரும். ஆனால் அந்த லாரி திடீரென்று நின்றால் நமக்கு இடம் இருக்காது. வறண்ட சாலையில் இரண்டு நொடி இடைவெளி விடுபவர், மழையில் நான்கு நொடியாவது விட வேண்டும்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போடுவது நிலைமையை மோசமாக்கும். காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கே திருப்பிவிடுவதால், எதிரே ஒரு வெண்திரை எழுந்து நிற்கும். டிம்மில் வைத்து, வண்டியில் இருந்தால் தாழ்வாகப் பொருத்தப்பட்ட பனிவிளக்கையும் போட வேண்டும். பனியில் சுற்றுப்புறம் நகர்வது தெரியாததால் கண்ணை நம்பி வேகத்தைக் கணிக்க இயலாது. வேகமானியை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தெளிபார்வை

மேலே எழுதியவருடன் முழுமையாக உடன்படுகிறேன். கண்ணைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

மஞ்சள் கண்ணாடி வேண்டாம். எந்த நிறக் கண்ணாடியும் கண்ணுக்குள் நுழையும் ஒளியில் ஒரு பகுதியை வடிகட்டித்தான் அந்த நிறத்தைக் காட்டுகிறது. இரவிலோ நமக்கு ஒளியே பற்றாக்குறை. ‘ஜாமா ஆப்தல்மாலஜி’ இதழில் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, ஓட்டுநர் பயிற்சிக்கான பாவனைக் கருவியில் இதைச் சோதித்து, மஞ்சள் கண்ணாடி அணிந்ததால் இரவில் பாதசாரிகளைக் கண்டுகொள்ளும் திறன் கூடவில்லை என்று தெரிவித்தது. அதை அணிந்தவருக்குக் கூச்சம் குறைந்ததுபோலத் தோன்றி, அந்த நம்பிக்கையில் வேகத்தைக் கூட்டிவிடுவாரோ என்பதே என் கவலை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இயல்பாகவே இரவுப் பார்வை குறையும். வயது கூடக்கூட இருட்டில் கண்மணி முன்போல் விரிவதில்லை; கண்ணின் வில்லையும் மெல்ல மங்குகிறது. இவ்விரண்டும் சேர்வதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போய்ச் சேருகிறது. கூச்சத்திலிருந்து மீளவும் கூடுதல் நேரம் ஆகும். ஆதலால் மஞ்சள் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தைக் கண் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். கண்புரையின் தொடக்கத்தைப் பலர் முதன்முதலில் உணர்வது இரவில் வண்டி ஓட்டும்போதுதான். பவர் கண்ணாடி தேவைப்பட்டால், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள நிறமற்ற கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். எதிரொளி வரும்போது அதை உற்றுப் பார்க்காமல், உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டை நோக்கிப் பார்வையைத் திருப்புவது பெரிதும் உதவும்.

வண்டியின் முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் கழுவுகிறோம். உட்புறத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமோ பகலில் கண்ணுக்கே தெரியாது, இரவில் ஒவ்வொரு விளக்கையும் ஒளிவட்டமாக விரித்துக் காட்டும். வைப்பரின் ரப்பர் கோடு கோடாக நீரை விட்டுச் சென்றால் உடனே மாற்றுங்கள். பல்பை மாற்றும் முன் முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடியையும் பாருங்கள். அது வெயிலில் மஞ்சளித்துப் போயிருந்தால் எந்தப் பல்பின் ஒளியும் அதைத் தாண்டி ஒழுங்காக வெளியே வராது. ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த விளக்கில் எல்இடி பல்பைச் செருகினால், ஒளி புறப்படும் இடமே மாறுபடுவதால் கற்றை சிதறி எதிரே வருபவரைக் குருடாக்கும்.

மறுமொழி: பின்விளக்கு

ஹசார்டு விளக்கைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது நின்றுவிட்ட வண்டிக்கு உரியது. ஓடும் வண்டியில் அதைப் போட்டால், முன்னே இருப்பது நிற்கிறதா நகர்கிறதா என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. பல வண்டிகளில் அது இயங்கும்போது திரும்புவதற்கான இண்டிகேட்டரும் பயன்படாமல் போய்விடும். மழையில் பின்னால் வருபவர் நம்மைக் காண முகப்பு விளக்கைப் போட்டாலே போதும், பின்விளக்கும் சேர்ந்து எரியும். பகலில் தானாக எரியும் முன்விளக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அப்போது பின்விளக்கு எரிவதில்லை; டாஷ்போர்டு ஒளிர்வதால் எல்லா விளக்குகளும் எரிவதாக ஓட்டுநர் எண்ணிவிடுகிறார்.

இரவுப்பயணி

அனைவருக்கும் நன்றி. மழையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிகிறதே, அதற்கு என்ன செய்வது? எதுவுமே தெரியாத அளவுக்கு மழை வலுத்தால் எங்கே நிறுத்துவது?

மறுமொழி: தெளிபார்வை

ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். உட்காற்றையே சுழலவிட்டால், நாம் மூச்சில் விடும் ஈரம் வண்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

மறுமொழி: நெடுவழி

நிறுத்துவதென்றால் சாலையை விட்டு முழுவதுமாக வெளியேறுங்கள்; எரிபொருள் நிலையமோ ஓய்விடமோ கிடைத்தால் நல்லது. ஓடுபாதையின் விளிம்பில் நிறுத்துவது மிக ஆபத்தானது. வண்டி பழுதாகி அங்கேயே நிற்க நேர்ந்தால் ஹசார்டு விளக்கைக் கட்டாயம் போடுங்கள். சாலையை விட்டு நன்கு விலகி நிறுத்திய பின் விளக்கை எரியவிடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் போக்குவரத்துத் துறை, புழுதிப் புயலில் சாலையை விட்டு விலகி நின்றதும் ஹசார்டு உட்பட எல்லா விளக்குகளையும் அணைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடச் சொல்கிறது. எதுவும் தெரியாமல் வருபவர், எரியும் பின்விளக்கை ஓடும் வண்டி என்று எண்ணி அதையே பின்தொடர்ந்து வந்து மோதுவதுண்டு என்பதே அதற்குக் காரணம். அடர்ந்த பனியிலும் அதே ஆபத்து இருப்பதாகவே நான் கருதுகிறேன். பழுதான வண்டி ஓடுபாதையை ஒட்டியே நிற்குமானால், பாதுகாப்பாக இறங்க முடிகிற பக்கமாக எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால், சாலையிலிருந்து விலகி நிற்க வேண்டும்.