பல் இம்ப்ளான்ட் கை டிரைவர்: ஃப்ளாஸ் (பல் இடுக்கு நூல்) சுற்றிக்கொள்ளாமல் கட்ட வழி வேண்டும்

கடைவாய்ப் பக்கம் இம்ப்ளான்டின் மேல் செயற்கைப் பல்லைத் தாங்கும் அபட்மென்ட்டின் ஸ்க்ரூவைக் கையால் முடுக்கும் குட்டை டிரைவரை வடிவமைக்கிறோம். எச்சில் பட்ட கையுறையிலிருந்து நழுவினால் நோயாளி விழுங்கிவிடலாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே நழுவினால் இழுத்தெடுக்க ஃப்ளாஸ் கட்டும் துளை கட்டாயம். சிக்கலே அந்தத் துளைதான்.

விவரம்: 17-4 பிஎச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மொத்த நீளம் 21 மி.மீ., தலை விட்டம் 8 மி.மீ., முனை 1.25 மி.மீ. அறுகோணம், 134 டிகிரி செல்சியஸ் ஆட்டோகிளேவ் (நீராவிக் கிருமிநீக்கம்). 4 மாதத்தில் 3 மாதிரிகள் செய்து பார்த்தோம்.

தலையோரத்தில் துளை: நான்கைந்து சுற்றிலேயே ஃப்ளாஸ் தண்டில் சுற்றி விரலை இழுக்கிறது. உச்சியில் தனியாகச் சுழலும் மூடி, 0.1 மி.மீ. இடைவெளி: ஃப்ளாஸ் சுற்றவில்லை, ஆனால் உள்ளே புகுந்த ரத்தம் அல்ட்ராசோனிக்கில் (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி) போட்டும் போகவில்லை, ஆட்டோகிளேவுக்குப் பின் மூடி இறுகிவிடுகிறது. இடைவெளியை 0.4 ஆக்கினால் கழுவ வருகிறது, ஆனால் மூடி ஆடுவதால் ஸ்க்ரூ இறுகும் உணர்வு விரலுக்கு எட்டவில்லை. கழற்றும் மூடி வேண்டாம். வாயில் விழ இன்னொரு துண்டாகிவிடும். உயரத்தையும் கூட்ட முடியாது, எதிர்ப்பல் இடிக்கும்.

கழற்றாமலே முழுதாகக் கழுவக்கூடிய, ஆட்டமில்லாமல் சுழலும் ஃப்ளாஸ் பிடிப்பை இந்த 8 மி.மீ. தலைக்குள் எப்படி அமைக்கலாம்?