தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்குத் தமிழில் ஒரு கூட்டம்: எப்பிடித் தொடங்கிறது?

நெய்தல்:
வணக்கம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நாங்கள் நாலு பேர் இருக்கிறம். பிள்ளையையோ மனிசனையோ மனிசியையோ தற்கொலையில இழந்த ஆக்களுக்கு மாதம் ஒருக்காத் தமிழில கூட்டம் வைக்க யோசனை. நாலு பேரில ஒராளுக்குத்தான் உளவளத்துணைப் பயிற்சி இருக்கு. எத்தனை பேரைக் கூப்பிடலாம், எவ்வளவு நேரம் வைக்கலாம்? முதல்ல வட்ஸ்அப் குழு ஒண்டு தொடங்கி ஆக்களைச் சேர்ப்பமோ?

பழைய கதிரை:
வட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். சேர்ந்த நிமிசமே எல்லாற்றை நம்பரும் எல்லாருக்கும் தெரியும். கொழும்புத் தமிழ்ச் சனம் ஒரே கோயில், ஒரே ரியூசன் எண்டு திரியிற சின்ன வட்டம். தனித்தனியாப் போன் எடுங்கோ. இதே காரணத்தால வெள்ளவத்தை ஆக்களுக்கு வெள்ளவத்தையில மண்டபம் பாக்காதேங்கோ. பம்பலப்பிட்டியோ கொட்டாஞ்சேனையோ பரவாயில்லை. வாசல் பலகையில "கூட்டம்" எண்டு மட்டும் போடுங்கோ.

முதல் அழைப்புக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கோ. ஆரை இழந்தவை, எப்ப, வீட்டில வேற ஆர் இருக்கினம், நித்திரை, சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டிட்டு, "உங்களுக்கும் சாகவேணும் எண்ட நினைப்பு வாறதோ?" எண்டு நேராக் கேளுங்கோ. கேட்டா நினைப்பு வந்திடும் எண்டு பயப்பிடத் தேவையில்லை. "அவரோட போயிருக்கலாம் போல" எண்டு கனபேர் சொல்லுவினம். அப்ப அடுத்த கேள்வி: எப்பிடி, எப்ப எண்டு யோசிச்சு வச்சிருக்கிறியளோ? அதுக்கும் ஓம் எண்டா அவருக்குக் கூட்டம் இப்ப உதவாது. ஆளைத் தனிய விடாதேங்கோ. மனநல உதவிக்கு 1926, எந்த நேரமும் எடுக்கலாம். உடனடி ஆபத்தெண்டா 1990 அம்புலன்ஸ்.

ஆறு தொடக்கம் எட்டுப் பேர், ஒன்றரை மணித்தியாலம். நடத்திறதுக்கு எப்பவும் ரெண்டு பேர் வேணும். ஒராள் கதைக்க மற்றவர் முகங்களைப் பாத்துக்கொண்டிருப்பார். ஆராவது அழுது வெளிய போனா அவர்தான் பின்னால போறது. ஒராளை வச்சு நடத்தினா இந்த இடத்திலதான் கூட்டம் உடையும். கடைசிப் பதினைஞ்சு நிமிசமும் பாரமான கதை இல்லை. பிளேன்ரீ, எப்பிடி வீட்டை போறியள், வீட்டில ஆர் நிக்கினம், அவ்வளவுதான். புதுசா நடத்திறவை எல்லாரும் பிழைக்கிறது இங்கைதான்: அழுகையின்ர உச்சத்தில மணியைப் பாத்து முடிச்சு, ஆளை அப்பிடியே காலி வீதி பஸ்ஸில ஏத்தி விடுறது. ரெண்டு நாள் கழிச்சு ஒருக்காப் போன் எடுக்க மறக்காதேங்கோ.

விதி கனக்க வேண்டாம். ஆனா இறந்த முறையை விவரிக்கிறதில்லை எண்டது கட்டாயம். அந்தப் படம் கேட்டவற்றை மனசில ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஆடிப்போய் இருக்கிறவருக்கு அது வழிகாட்டியாகவும் போகலாம். முதல் அழைப்பிலயே சொல்லி வச்சா, ஆராவது தொடங்கேக்க, "அந்த இடத்தைத் தாண்டுவம், அதுக்குப் பிறகு நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள்?" எண்டு மனம் நோகாமத் திருப்பலாம்.

செத்தவீடு நடந்த மாதத்தில ஆரையும் கூட்டத்துக்கு இழுக்காதேங்கோ. எட்டு, அந்தியேட்டி எண்டு சடங்குகளுக்கு வீடு நிறையச் சனம் நிக்கும். 31ஆம் நாள் சடங்கு முடிஞ்சு எல்லாரும் போன அடுத்த கிழமை நீங்கள் எடுங்கோ.

தென்றல்வாசி:
மேலே சொன்னதில் ஒன்றில் உடன்படமாட்டேன். முதல் மாதத்தில் கூட்டம் தேவையில்லைதான், ஆனால் உடன் போக ஒருவர் கட்டாயம் தேவை. பொலிஸ் வாக்குமூலம், சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை, திடீர் மரண விசாரணை எல்லாமே அந்த முதல் நாட்களில்தான் வரும். விளங்காத சிங்களத்தில் எழுதியதற்குக் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு வருடக்கணக்காக "என்ன எழுதினவங்கள்?" என்று தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழும் ஆட்சிமொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படியோ, குறைந்தது வாசித்து விளங்கப்படுத்தும்படியோ கேட்கலாம். தொண்டர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் குடும்பத்துக்காகப் பதில் சொல்லக் கூடாது.

எழுதி வைத்த கடிதம் இருந்தால் பொலிஸ் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். பிரதி எடுக்க முடியுமா என்று அப்போதே கேட்கச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இங்கு குற்றமில்லை; தூண்டுவதுதான் குற்றம். வீட்டாரைத் துருவித் துருவிக் கேட்பது அதற்காகத்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், "எங்களைச் சந்தேகப்படுகிறாங்கள்" என்ற காயம் கொஞ்சம் குறையும்.

கத்தோலிக்க வீடுகளில் பூசை கிடைக்குமா என்ற பயமும் இருக்கும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. பங்குத் தந்தையிடம் துணிந்து கேட்கலாம்.

மல்லிகைப் பந்தல்:
சொற்களைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. எங்கட செய்திகளில "தவறான முடிவெடுத்து" எண்டு போடுவினமே, அதை உங்கட கூட்டத்துக்குள்ள விடாதேங்கோ. இறந்தவர் மேல தீர்ப்பு, கேக்கிற தாய்க்குச் சூடு. "தற்கொலையில இறந்தவர்" எண்டே சொல்லலாம், பேரைச் சொல்லிக் கதைச்சா இன்னும் நல்லம். "ஒண்டும் தெரியேல்லையோ உங்களுக்கு?" எண்டு கேக்கிற தொண்டரைத் திருப்பி அனுப்புங்கோ, வேற வழியில்லை.

சின்னப் பிள்ளையளுக்கு மாரடைப்பு எண்டு சொல்லி வைக்கிற வீடுகள் கனக்க. பள்ளிக்கூடத்தில ஆரோ ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லும்; அண்டைக்குப் பிறகு தாய் என்ன சொன்னாலும் நம்பாது. "அப்பாவுக்கு மனசில பெரிய வருத்தம், அதால அவர் தானே தன்ர உயிரை எடுத்திட்டார், நீ செய்த ஒண்டாலயும் இல்லை." இவ்வளவும் போதும். முறை தேவையில்லை.

ஆடி அமாவாசை, சித்திரா பௌர்ணமி, ஆண்டுத் திவசம் மூண்டையும் ஒரு கொப்பியில குறிச்சு வச்சு, முதல் நாளே போன் எடுங்கோ.

நெய்தல்:
எல்லாருக்கும் நன்றி. தானும் ஒருத்தரை இப்பிடி இழந்தவர் கூட்டம் நடத்தலாமோ?

பழைய கதிரை:
நடத்தலாம், ரெண்டு வருசமாவது போகட்டும். அதுவரைக்கும் கூட்டத்துக்கு வாற ஒரு ஆளாக் கதிரையில இருக்கட்டும். அவற்றை கதையை அரைவாசிக் கூட்டத்துக்கு நீட்டினா இன்னும் காலம் வரேல்லை எண்டு அர்த்தம். பயிற்சி இல்லாத மற்ற ஆக்கள் சுமித்ரயோவில தொண்டர் பயிற்சி கேட்டுப் பாருங்கோ. தற்கொலைத் தடுப்புக்காக 1974இல இருந்து இருக்கிற அமைப்பு, கொழும்பு ஹோர்ட்டன் பிளேசில. புத்தி சொல்லாமக் கேட்டுக்கொண்டிருக்கிறதைத்தான் அங்க பழக்குவினம். எங்கட ஆக்களுக்கு ஆகக் கஷ்டமான பாடம் அதுதான்.