ஐபேம் சர்வரில் டிஹெச்சிபி "பிளாக்டு" என்றே காட்டுகிறது

கேள்வி:
நாகர்கோவிலில் தலைமை அலுவலகம். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சலில் கிளைகள். ஐ.பி. முகவரிக் கணக்கு இதுவரை எக்செல்லில்தான். விண்டோஸ் சர்வர் 2019-ல் ஐபேம் (ஐ.பி. முகவரிகளை நிர்வகிக்கும் வசதி) போட்டாச்சு. டிஸ்கவரியில் டிஹெச்சிபி சர்வர்கள் (மெஷின்களுக்குத் தானாக ஐ.பி. கொடுப்பவை) வருகின்றன. மேனேஜ்டு என்று மாற்றியும் அக்சஸ் ஸ்டேட்டஸ் பிளாக்டுதான். என்ன விட்டுப்போச்சு?

பதில் 1:
முதலில், ஐபேமை டொமைன் கன்ட்ரோலரில் (யூசர் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) போட்டிருக்க மாட்டீர்கள், அதில் ஏறாது. டிஹெச்சிபி இருக்கும் மெஷினிலும் வேண்டாம். டிஹெச்சிபி டிஸ்கவரி நின்றுபோகும்.

ஐபேமை அமைக்கும் விசார்டு ஜிபிஓவை (சர்வர்களுக்கு அமைப்புகளைத் தரும் குரூப் பாலிசி) உருவாக்காது, அதன் பெயருக்கு முன்னொட்டை மட்டும் கேட்கும். பவர்ஷெல்லில் இன்வோக்-ஐபேம்ஜிபிஓபுரொவிஷனிங் ஓட்டினால்தான் மூன்று ஜிபிஓ வரும். விசார்டில் கொடுத்த அதே முன்னொட்டை இங்கும் கொடுங்கள், ஓரெழுத்து மாறினாலும் பிளாக்டுதான். பிறகு டிஹெச்சிபி சர்வரில் ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் (புது பாலிசியை உடனே எடுக்க வைக்கும் கட்டளை), ஐபேமில் ரிஃப்ரெஷ் சர்வர் அக்சஸ் ஸ்டேட்டஸ்.

பதில் 2:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு: ஜிபிஅப்டேட்டுக்குப் பிறகு டிஹெச்சிபி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. புது குரூப் உரிமையை அது அப்போதான் எடுக்கும். மேனேஜ்டு என்று மாற்றுகிற யூசர் கணக்குக்கு அந்த ஜிபிஓக்களைத் திருத்தும் உரிமையும் வேணும்.

கிளைகளில் ரவுட்டரே ஐ.பி. கொடுத்தா ஐபேம் அதைப் பார்க்காது. அந்த ரேஞ்சுகளை சி.எஸ்.வி.யாக இம்போர்ட் பண்ணலாம். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஒரே 192.168.1.0/24 ரேஞ்சே ஓடுதா? அப்போ முதல்ல அதைப் பிரிங்க: 10.20.1.0/24, 10.20.2.0/24 என்று.

கேள்வி கேட்டவர்:
முன்னொட்டில் ஒரு ஹைஃபன் கூடுதல். சரிசெய்ததும் அன்பிளாக்டு. மார்த்தாண்டமும் தக்கலையும் ஒரே 192.168.1-தான்!