ஆழ்குழாய்த் தண்ணீரில் துருக்கறை, கூமுட்டை நாற்றம்: வழி சொல்லுங்கள்

கேள்வி (திருத்துறைப்பூண்டி)
வணக்கம். எங்கள் வீட்டு ஆழ்குழாய் 140 அடி. மோட்டார் போட்டதும் தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. குடத்தில் பிடித்து வைத்தால் மஞ்சளாகி, அடியில் செம்பழுப்பு வண்டல் தங்குகிறது. கூடவே கூமுட்டை நாற்றம். தேநீர் போட்டால் கறுத்துப்போகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. பிளீச்சிங் பவுடரில் ஊற வைக்கலாமா? கடைக்காரர் மென்னீர்க் கருவி வாங்கச் சொல்கிறார்.

பதில் (மன்னார்குடி)
வேண்டாம் அம்மா. குளோரின் பட்டால் இரும்புக் கறை நூலில் இன்னும் இறுகிவிடும். எலுமிச்சைச் சாறு அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்து அலசுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். தேநீர் கறுப்பதும் இரும்பால்தான். தேயிலையின் துவர்ப்புச் சத்தோடு அது சேர்ந்துவிடுகிறது. நாற்றம் கீசர் தண்ணீரில் மட்டுமா, எல்லாக் குழாயிலுமா?

கேள்வி கேட்டவர்
எல்லாவற்றிலும் ஐயா. அகலப் பாத்திரத்தில் திறந்து வைத்தால் காலைக்குள் போய்விடுகிறது.

பதில் (மன்னார்குடி)
அப்படியானால் கீசருக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி காரணமில்லை. நிலத்தடி நீரிலேயே கூமுட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கிறது. நம் பக்கம் களிமண்ணுக்கு அடியில் காற்றுப் புகாத மணலில் நிற்கும் நீர். அங்கே இரும்பு கரைந்தே இருக்கும், காற்றுப் பட்டதும் துருவாகப் பிரியும். எனவே கருவிக்குப் பணம் கட்டுமுன் காற்றைப் பயன்படுத்துங்கள்.

மேல்தொட்டியில் விழும் குழாயின் முனையில் ஷவர் தலை பொருத்தி, நீர் பூவாளிபோலச் சிதறி விழச் செய்யுங்கள். வாயு வெளியேறத் தொட்டிக்குத் திறப்பு வேண்டும். கொசு நுழையாதபடி வலை கட்டுங்கள். இரவு முழுவதும் தெளியவிட்டு, அடிமட்டத்துக்கு ஓர் அடி மேலிருந்து எடுத்து, மணல் வடிகட்டி வழியாக அனுப்புங்கள். மணலை அவ்வப்போது எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். முதலில் ஒரு தொட்டியில் செய்து பாருங்கள், செலவு குறைவு.

பதில் (கும்பகோணம்)
சகோதரி, மென்னீர்க் கருவி சுண்ணாம்புக் கடினத்துக்குத்தான். இவ்வளவு இரும்பை விட்டால் அதற்குள் கடினத்தைப் பிடிக்கும் பிசின் மணிகள் பாழாகும். காற்றூட்டினால் உப்பும் குறையாது. உங்கள் ஊர் கடலுக்கு அருகில் என்பதால் அதையும் சோதித்துவிடுங்கள்.

பிளஷ் தொட்டிக்குள் சிவந்த வழுவழுப்பு இருந்தால் இரும்புப் பாக்டீரியா. அப்போதுதான் பிளீச்சிங் பவுடருக்கு வேலை: ஆழ்குழாயில் நிற்கும் 1000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் கரைத்து ஊற்றி, ஒரு நாள் விட்டு, குளோரின் நாற்றம் போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். அதுவரை குடிக்கக் கூடாது. அந்த நீரைக் குளத்தில் விடாதீர்கள், மீன் செத்துவிடும்.

கேள்வி கேட்டவர்
சோதனைக்கு எங்கே கொடுப்பது?

பதில் (கும்பகோணம்)
தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில். இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு இரும்பு 1 மில்லிகிராம், 0.3 தாண்டினாலே துணியில் கறை தெரியும். மாதிரியைத் தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நேரே குழாயிலிருந்து புட்டி நிறையப் பிடித்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.