கெர்ரி கவுண்டி லீக்: கவுண்டி ஆட்டக்காரர்கள் இல்லாத கிளப்பை டிவிஷன் இறக்குவது நியாயமா?

ட்ரலீ சேகர்:
அயர்லாந்தின் கேலிக் கால்பந்து பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையிலும் பிடிக்கலாம். வலைக்குள் போனால் 3 புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1. 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2. யாருக்கும் சம்பளம் கிடையாது.

இப்போது என் புகார். அயர்லாந்தின் தென்மேற்கில் இருக்கும் எங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கெர்ரியில், ஊர் கிளப்கள் தங்களுக்குள் ஆடும் கவுண்டி லீக் வசந்தத்தில் தொடங்குகிறது. கிளப்பின் நல்ல ஆட்டக்காரர்கள் அந்த நேரம் மற்றக் கவுண்டிகளோடு மோதும் கெர்ரி கவுண்டி அணியோடு இருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்களை வைத்து ஆடிக் கடைசியில் முடித்தால் கிளப் கீழ் டிவிஷனுக்குப் போகிறது. ஃபாஸ்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். கில்லார்னியை ஒட்டிய சின்ன ஊர். கவுண்டி அணியில் ஆடும் சகோதரர்கள் டேவிட் கிளிஃபோர்ட், பாடி கிளிஃபோர்ட் இருவரும் அந்த ஊர்ப் பையன்கள். அவர்களோடு ஆடி 2023 ஜனவரியில் டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து ஜூனியர் கிளப் கோப்பையையே வென்றார்கள். அந்த இரண்டு பேர் இல்லாத ஃபாஸ்ஸா வேறு அணி. கவுண்டிக்கு ஆள் கொடுத்ததற்கு ஊருக்குத் தண்டனையா?

கில்லார்னி வாசு:
சேகர் அண்ணே, தண்டனை என்பது பெரிய வார்த்தை. லீக் டிவிஷன் வேறு, கோப்பைக்காக நடக்கும் சாம்பியன்ஷிப்பின் தரம் வேறு. லீக்கில் இறங்கினால் சாம்பியன்ஷிப்பில் யாரும் உங்களை இறக்கப் போவதில்லை. ஊர்க்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவது அந்தச் சாம்பியன்ஷிப்புக்குத்தான்.

லீக்கின் பயனே வேறு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையன் முன்வரிசையில் இறங்குவது கவுண்டிக்காரன் இல்லாத அந்த ஏப்ரல் சாயங்காலத்தில்தான். அவர்கள் எல்லா ஆட்டத்துக்கும் வந்துவிட்டால் இவன் எப்போது கற்றுக்கொள்வான்?

மேகலா (தெற்குக் கெர்ரி):
நீங்கள் இருவரும் ஆள் இருக்கிற ஊரை வைத்தே பேசுகிறீர்கள். தெற்கே எங்கள் ஐவரா தீபகற்பத்துக்கு வாருங்கள். இங்கே கவுண்டிக்காரன் இல்லை என்பது கவலையே இல்லை, பதினைந்து பேர் சேர்வார்களா என்பதுதான் கவலை. படிக்கிற பையன்கள் கார்க்கிலும் லிமெரிக்கிலும் இருக்கிறார்கள். ஜூன் வந்தால் சிலர் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் விமானம் ஏறிவிடுவார்கள். ஒரு பங்கு (சர்ச் வட்டாரம்) விட்டு இன்னொரு பங்கிலிருந்து ஆள் எடுக்கவும் எளிதில் வழியில்லை, பொதுவாகச் சொந்த ஊர் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். இங்கே வாட்டர்வில்லிலிருந்து வடக்குக் கெர்ரியின் லிஸ்டோவல் போக காரில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஆள் சேராத வாரம் வாக் ஓவர் கொடுக்கிறோம், அதாவது ஆடாமலே விட்டுக்கொடுக்கிறோம். எதிரணிக்குப் புள்ளி கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. அவர்களுக்கும் எரிச்சல்தான்.

ட்ரலீ சேகர்:
மேகலா அக்கா சொல்வது உண்மைதான். ஆனால் அது லீக் அட்டவணையால் வந்த நோய் இல்லை, வேலையும் வீடும் இல்லாமல் ஊர் காலியாவதால் வந்தது. நான் கேட்பது சின்ன விஷயம். 2022-லிருந்து கவுண்டி அணிகளின் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் ஜூலையிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் கவுண்டிக்காரர்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். லீக்கின் கடைசிச் சுற்றுகளை அப்போது வைத்தால் என்ன?

கில்லார்னி வாசு:
வாரக்கடைசி எங்கே இருக்கிறது? ஆகஸ்டிலிருந்து கிளப் சாம்பியன்ஷிப். அது முடிந்ததும் கவுண்டி சாம்பியன்ஷிப், அதில் ஈஸ்ட் கெர்ரி, மிட் கெர்ரி மாதிரி பல கிளப் சேர்ந்த வட்டார அணிகளும் ஆடும். கிளிஃபோர்ட் சகோதரர்களே அங்கே ஈஸ்ட் கெர்ரி சட்டைதான் போடுகிறார்கள். வடக்கே பாலிடஃப், காஸ்வே, கில்மாய்லி பக்கம் அதே வாரங்களில் ஹர்லிங்கும் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் இன்னொரு அயர்லாந்து ஆட்டம்) ஓடுகிறது. வார நாளில் வைக்கலாம் என்றால் அக்டோபரில் வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும், எல்லா மைதானத்திலும் விளக்கு கிடையாது. கெர்ரி மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம்.

இறுதி ஆட்டம் செப்டம்பரில் நடந்த காலத்தை மறந்துவிட்டீர்களா? அடுத்த சாம்பியன்ஷிப் ஆட்டம் எப்போது என்று தெரியாமல் கிளப்காரர்கள் கோடை முழுக்கக் காத்திருந்தார்கள். கல்யாணத் தேதி வைக்கக்கூடப் பயந்தார்கள்.

ட்ரலீ சேகர்:
சரி, அப்படியானால் இறக்கத்தையே எடுத்துவிடுங்கள். ஏற்றம் மட்டும் இருக்கட்டும்.

மேகலா (தெற்குக் கெர்ரி):
அதை மட்டும் செய்யாதீர்கள். இறங்கும் பயம் இல்லையென்றால் கார்க்கிலிருந்து எங்கள் பையன் எதற்கு மே மாத ஆட்டத்துக்கு வண்டி ஓட்டி வருவான்? வாக் ஓவர் இரட்டிப்பாகும். அதைவிட, கீழ் டிவிஷன்களில் 13 பேர் ஆட்டமாக்குங்கள், எங்களுக்கு அது போதும்.

கில்லார்னி வாசு:
13 பேர் ஆட்டத்துக்கு என் ஓட்டு உண்டு.

ட்ரலீ சேகர்:
எனக்கும் ஆட்சேபனை இல்லை. மேல் டிவிஷன்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: கவுண்டி பேனலுக்கு (கவுண்டி அணியின் ஆட்டக்காரர் குழுவுக்கு) மூன்று பேருக்கு மேல் கொடுத்த கிளப் கடைசியில் முடித்தால், நேரே இறக்காமல் ஆகஸ்டுக்கு முன் ஒரே ஒரு பிளே ஆஃப். அந்த ஒரு சாயங்காலம்கூடவா கிடைக்காது?

கில்லார்னி வாசு:
கிடைக்கும். ஆனால் மூன்று பேருக்கு மேல் கொடுக்கிற கிளப் பெரும்பாலும் பெரிய கிளப்பாகத்தான் இருக்கும், அவர்கள் பெஞ்சிலும் ஆள் இருக்கும். நீங்கள் காட்டிய கிளிஃபோர்ட்கள் இரண்டு பேர்தானே அண்ணே? உங்கள் விதியில் ஃபாஸ்ஸாவே வராது.